அப்பாவின் மேல் முளைத்த மெழுகுக் காளான்

பெற்ற தகப்பனின் கல்லறையை வருடக்கணக்கில் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கோயிலுக்குள்ளேயே, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும், மைக் வைத்து. கைதட்டலும் உண்டு. இப்படியொரு மரியாதை எங்கள் பங்குக் கோயிலில் இதற்குமுன் யாருக்கும் கிடைத்ததில்லை. இனிமேலும் யாருக்கும் கிடைக்க வேண்டாம் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

எனக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி. வீடு வெண்ணந்தூருக்குக் கொஞ்சம் இப்பால். தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டம் அந்த ரோட்டை ஒட்டியே இருக்கிறது. காலையில் போகும்போது இடது பக்கம் வரும் என்பதால் வலது பக்கத்து சீட்டில் உட்காருவேன். சாயங்காலம் திரும்பும்போது இடது பக்கம். சீட் கிடைக்காமல் நிற்க நேர்ந்தால் அந்த இடம் வரும்போது செல்போனை எடுத்துப் பார்ப்பேன். கண்டக்டருக்கே இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வெளியாட்களுக்குக் கல்லறைத் திருநாள் என்றால் என்னவென்று தெரியாது, சொல்லிவிடுகிறேன். நவம்பர் இரண்டாம் தேதி. அதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு குடும்பமும் ஆள் விட்டுப் புல்லைச் செதுக்கும், களைக்கொல்லி அடிக்கும், கல்லறைக்குச் சுண்ணாம்பும் சிலுவைக்குப் பெயின்டும் பூசும். அன்று சாயங்காலம் செவ்வந்திப் பூவும் மெழுகுவத்தியுமாகக் குடும்பத்தோடு போய் நிற்பார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்தக் கல்லறையில் புல் நிற்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கல்லறை வெள்ளையாக இருந்தால் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். புல் மண்டியிருந்தால் தண்டம். இதற்கு மேல் அங்கே விசாரணை கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் தீபாவளி வியாபாரம் வந்து கழுத்தைப் பிடிக்கும். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் கடலைமாவு மூட்டையும் வெல்லமும் நெய் டின்னும் இறங்கிக்கொண்டே இருக்கும். கடைக்காரன் மூத்திரம் போகக்கூட இடம் விட்டு நகர முடியாது. அப்பா இறந்த முதல் வருடம் போனேன். அடுத்த வருடம் சரக்கு லாரி வந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் மழை. அதற்கப்புறம் போக நினைத்தால், இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. போகாததால் கூச்சம், கூச்சத்தால் போகவில்லை. இப்படியே ஓடிவிட்டது. அப்பா மேல் எனக்குக் கோபமோ வருத்தமோ எதுவும் கிடையாது. இருந்தாலாவது ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் இல்லை.

கல்லறையைக் கட்டவும் இல்லை. புதைத்த உடனே மேலே கட்டடம் எழுப்பமாட்டார்கள், மண் உட்கார ஒரு வருடமாவது விடுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் வருடா வருடம், “மண்ணு அமரட்டும், அப்பறம் கட்டிக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இமயமலை அமர்ந்திருக்கும் அதற்குள். சுற்றிலும் எல்லாரும் கிரானைட்டும் டைல்ஸும் போட்டுவிட்டார்கள். எங்கப்பா மட்டும் கடைசி மூலையில், இடிந்த காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, ஒரு மண்மேட்டுக்கு அடியில் படுத்திருந்தார். சிலுவை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சுவரின் உடைசல் வழியாகப் பக்கத்துச் சோளக்காட்டுக்காரம்மாவின் வெள்ளாடுகள் தினமும் உள்ளே வந்து அவர் மேல் மேய்ந்துவிட்டுப் போயின.

இதையெல்லாம் யாரிடம் மறைத்தேன் என்றால் அக்காவிடம்தான். அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, வாத்தியாரிடம் எனக்காகச் சண்டை போட்டு வளர்த்தவள் அக்கா. இப்போது மகனோடு பூனாவில் இருக்கிறாள். மாமா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்ததால் அப்பாவை அடக்கம் செய்ததற்குப் பிறகு அவளால் ஊருக்கு வர முடியவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் போன் வரும்.

“அப்பாகிட்டப் போனியா சாமி?”

“போனேன்க்கா.”

“பூ வெச்சியா?”

“வெச்சேன்க்கா. எல்லாம் பண்ணியாச்சு.”

மண்டியில் மூட்டைக்கு நடுவே நின்றுகொண்டுதான் சொல்வேன். பின்னால் லோடுமேன்கள் சத்தம் கேட்கும். கல்லறையில் எதற்கு இவ்வளவு சத்தம் என்று அவள் ஒரு வருடமும் கேட்டதில்லை. சில வருடம் கழித்துப் போனைச் சீக்கிரமே வைத்துவிடத் தொடங்கினாள். உடம்பு முடியவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, அக்டோபர் கடைசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலையில் மண்டிக்குக் கிளம்பும் நேரத்தில் சாமியார் போன் பண்ணினார். “உங்க அப்பா கல்லறை விஷயமா ஒருத்தங்க வந்திருக்காங்க, உடனே வாங்க” என்றார். எனக்கு ரத்தமெல்லாம் தலைக்கேறியது. எவனோ பிராது கொடுத்திருக்கிறான், கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்களை வைத்துக்கொண்டு சாமியார் என் மானத்தை வாங்கப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். பழைய கைலியை எடுத்துக் கட்டினேன். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ஏறினேன்.

“ஏனுங்க, மம்முட்டியத் தூக்கிட்டு எங்க போறீங்க? யார வெட்டறதுக்கு?” என்று வாசலில் நின்று கேட்டாள் மனைவி.

“எங்கப்பன் ஊட்டச் சுத்தம் பண்ண” என்று கத்திவிட்டுப் போனேன். யார் மேல் அந்தக் கோபம் என்று அப்போது கேட்டிருந்தால் சாமியாரைச் சொல்லியிருப்பேன், மழையைச் சொல்லியிருப்பேன். என்னைத் தவிர எல்லாரையும் சொல்லியிருப்பேன்.

போய்ப் பார்த்தால் பிராதுக்காரர் யாரும் இல்லை. சாமியார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். எங்கப்பாவின் மண்மேட்டுக்குப் பக்கத்தில் சுடிதார் போட்ட ஒரு பெண், ஈரப்புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு கேமராவில் கண்ணை வைத்திருக்கிறது. நான் எதையும் கேட்கவில்லை. யாரும் வாயைத் திறக்கும் முன்பே சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் புத்தியில் இருந்தது. மண்வெட்டியை ஓங்கிவிட்டேன்.

“ஐயோ, வெட்டாதீங்க சார்!” என்று அந்தப் பெண் போட்ட கூச்சலில் ரோட்டில் பைக்கில் போன ஒருத்தன் நின்று பார்த்தான்.

ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறது. முட்டியெல்லாம் சேறாக எழுந்து, நான் எங்கே மறுபடி ஓங்கிவிடுவேனோ என்று மண்வெட்டியின் காம்பைப் பிடித்துக்கொண்டேதான் பேசியது. என்னையும் குனியச் சொன்னது. குனிந்து பார்த்தேன். ஆடு மேய்ந்து கட்டையாகக் கிடந்த புல்லுக்குள் கட்டைவிரல் நகம் அகலத்துக்குச் சின்னச் சின்னக் காளான்கள். நல்ல பழுத்த பனம்பழத்தின் உள்நிறம். மேலே மெழுகு தடவினதுபோல ஒரு மினுமினுப்பு. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் பெயர் கிடையாது. தின்பது புற்றுக்காளான், தின்னாதது நாய்க்குடை. இது நாய்க்குடை.

“மெழுகுக் காளான்னு நான் சொல்றேன். இந்தச் சமவெளியில இந்த வகைய நான் வேற எங்கயுமே பார்க்கல சார். எத்தனையோ மேய்ச்சல் நிலத்துல தேடிட்டேன்” என்றது. புல்தரையில் மட்டும் வருமாம். உழுத மண்ணில் வராது. எரு, உரம், சுண்ணாம்பு, களைக்கொல்லி எதுவும் ஆகாது. புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டாலும் போய்விடும், ஆடு மாடு மேய்ந்து கட்டையாக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் இருந்த மேய்ச்சல் நிலமெல்லாம் பிளாட் போட்டாகிவிட்டது, மிச்சம் இருக்கும் காட்டில் கோழிப்பண்ணை எருவைக் கொட்டுகிறார்கள். பழைய கல்லறைத் தோட்டம் என்றால் கை படாத மண் கொஞ்சம் இருக்கும் என்று ஊர் ஊராகத் தேடி வந்திருக்கிறது. எல்லாக் கல்லறையிலும் சுண்ணாம்பும் மருந்தும் டைல்ஸும். இந்த ஒரு மூலையில்தான் கிடைத்தது.

“இங்க யாரோ ரொம்ப வருஷமா எதுவுமே செய்யாம விட்டிருக்காங்க. யார் சார் இதை இப்படிப் பாதுகாத்தது?” என்று கேட்டது.

சாமியார் என்னைப் பார்த்தார். நான் மண்வெட்டியைப் பார்த்தேன். அப்படியே பூமி பிளந்து அப்பாவுக்குப் பக்கத்தில் என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் போலிருந்தது.

“நான் ஒண்ணும் பண்ணலீங்க” என்றேன். என் வாழ்க்கையில் அந்தக் கல்லறையைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “அதேதான் சார்! ஒண்ணும் பண்ணாம இருக்கிறதுதான் கஷ்டம். பக்கத்துல எல்லாரும் வெள்ளை அடிக்கும்போது நீங்க மட்டும் சும்மா விட்டிருக்கீங்க பாருங்க, அதுக்கு எவ்வளவு மனசு வேணும்!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கியது. சாமியாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார். அவர் எங்கள் பங்குக்கு மாறிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கும் ஒன்றும் தெரியாது.

அன்றைக்கே திருத்திச் சொல்லியிருக்கலாம். அம்மா தாயே, நான் சோம்பேறி, மானங்கெட்டவன், ஆட்டை விட்டு அப்பனை மேயவிட்டவன் என்று சொல்லியிருக்கலாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “உங்கக்காவுக்குத் தெரிஞ்சா என்னுங்க ஆகும்?” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேரவைக் கூட்டம் நடந்தது. காளானுக்கு என்ன செய்யலாம் என்று பேசினார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒன்றைக் காப்பாற்றுவது என்றால் அதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஒருத்தர் மேலே பச்சை வலைப்பந்தல் போடலாம் என்றார். ஒருத்தர் சுற்றிலும் டைல்ஸ் பதித்துக் கம்பிவேலி போடலாம் என்றார். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருத்தர், “நாலு மூட்டை கோழி எருவு போட்டு உட்டா பொதபொதன்னு வந்துருமுங்க, எருவு நான் தாரேன்” என்று தாராளமாகச் சொன்னார். வேறொருத்தர் இதைக் கறி வைக்கலாமா என்று கேட்டார். அந்தக் கல்லூரிப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. “ஒண்ணும் வேண்டாங்க. தயவுசெஞ்சு ஒண்ணும் செய்யாதீங்க. ஆடு மட்டும் வரட்டும்” என்றது. ஆடு என்றதும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தகப்பன் மேல் ஆட்டை மேயவிடு என்று சாமியாரே பேரவையில் தீர்மானம் போட்டுக்கொடுத்தது எனக்கு ஒருத்தனுக்குத்தான் நடந்திருக்கும்.

அந்தக் கல்லறைத் திருநாளுக்குப் போனேன். மண்டியை மூடிவிட்டுப் போனேன். சுற்றிலும் எல்லாக் கல்லறையும் கல்யாண வீடு மாதிரி வெள்ளையும் பூவுமாக இருந்தது. அப்பா மட்டும் புல்லும் சாய்ந்த சிலுவையுமாக. சிலுவையை நிமிர்த்தலாம் என்றால் தோண்ட வேண்டும், தோண்டக் கூடாது. பூவை மேலே வைக்கலாம் என்றால் காளான் மேல் விழும். நானும் மனைவியும் பிள்ளைகளும் மெழுகுவத்தியை ஒரு செங்கல்லில் ஒட்டித் தள்ளி வைத்தோம். பக்கத்துக் கல்லறைக் குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டது. ஒரு பெரியவர் நேராகவே வந்து, “காளானு போன வாரந்தானே கண்டுபுடிச்சாங்க? அதுக்கு முந்தி என்னத்தக் காப்பாத்திட்டு இருந்தீங்க?” என்றார். காதுமடலெல்லாம் எரிந்தது. அவரைக் கடித்துத் துப்பலாம் போல ஆத்திரம் வந்தது. அவர் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் ஆத்திரத்துக்குக் காரணம்.

பொன்னாடை அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. இயற்கையைப் பேணிய மகன் என்று சாமியார் மைக்கில் சொன்னார். தந்தையின் கல்லறையை ஆண்டவருடைய படைப்புக்கே தோட்டமாகக் கொடுத்தவர் என்றார். அந்தச் சரிகைத் துணி தோளில் விழுந்தபோது எனக்குச் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கி வைத்ததுபோலக் காந்தியது. வெளியே கேட்டருகே பக்கத்துச் சோளக்காட்டு ஆட்டுக்காரம்மா நின்றிருந்தார்கள். எங்கள் மதம் இல்லை என்றாலும் திருவிழா, அடக்கம் எல்லாவற்றுக்கும் வருகிறவர்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, பொன்னாடை போத்தறதுன்னா எங்க வெள்ளாட்டுக்குத்தானுங்க போத்தோணும்? உங்களுக்கெதுக்குப் போத்தீருக்காங்க?”

“நீங்களே கொண்டுபோய்ப் போத்துங்க” என்று கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

“வேணாமுங்க, அது தின்னு போடும்” என்று சிரித்தார்கள். அந்தம்மா சிரித்ததில் விஷம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

போட்டோ எடுத்தவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இருப்பார்களா? அது பூனா வரை போயிற்று. அக்கா போன் பண்ணினாள். ஹலோ என்றதும் அழுகைதான் கேட்டது. அடுத்த வருடம் எப்படியாவது வருவேன், அப்பாவையும் அந்தக் காளானையும் நேரில் பார்த்தே தீர வேண்டும் என்றாள். அடுத்த வருடம் மாமா இறந்துபோனார். நாங்கள்தான் பூனா போனோம், அவள் வர முடியவில்லை. போன வருடம் வருவதாக உறுதியாகச் சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். “வளத்தவங்க தானுங்களே, ரெண்டு திட்டுத் திட்டுவாங்க, அப்பறம் சோறு போடுவாங்க” என்றாள். எனக்கும் அது தெரியும். திட்டுக்கு நான் பயப்படவில்லை. வருடா வருடம் போனில் பூ வைத்தேன் என்று சொன்னேனே, ஒவ்வொரு பூவையும் அவள் நம்பியிருப்பாளே, அதை எப்படித் திரும்ப வாங்குவது? தாய்க்குத் தாயாக இருந்தவள் என்னை இனிமேல் என்ன கண்ணால் பார்ப்பாள் என்பதை நினைத்ததும் கையில் எடுத்த போனைக் கீழே வைத்துவிடுவேன். பிறந்த குடும்பத்தில் எனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

அதனால் என்ன செய்தேன் என்றால், காளானை நம்பினேன். அது முளைத்துவிட்டால் புல்லுக்கு ஒரு காரணம் இருக்கிறது. முளைக்காவிட்டால் அது வெறும் புல், நான் வெறும் நான். அக்டோபர் பிறந்ததிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் இறங்கினேன். இறங்கிப் போய்ப் புல்லை விலக்கிப் பார்ப்பேன். மழை சரியாக இல்லை, ஒன்றும் இல்லை. “முளைச்சுத் தொலையேன்” என்று அதனிடம் கெஞ்சியிருக்கிறேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து மண்டிக்குப் போவேன். ஒருநாள் பாதி வழியில்தான் உறைத்தது, இத்தனை நாள் தினமும் போகிறேன், அப்பாவுக்காக ஒரு கர்த்தர் கற்பித்த செபம்கூடச் சொல்லவில்லை. காளான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன். சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னேன். பாதியில் தக்காளிப்பெட்டி வைத்திருந்த ஒருத்தர் நகரச் சொன்னார், எங்கே விட்டேன் என்று மறந்துவிட்டது.

அந்தக் கல்லூரிப் பெண்ணும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு வருடம் வராவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, மண்ணுக்குள் இருக்கும், காத்திருக்கலாம் என்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இது மேல எவ்வளவு பாசம் சார்!” என்று ஆறுதல் வேறு சொன்னது. நான் தலையை ஆட்டினேன்.

அக்கா திருநாளுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தாள். நன்றாக இளைத்துவிட்டாள். முட்டி வலிக்குக் கம்பு ஊன்றி நடக்கிறாள். அன்று மத்தியானம் கறுத்துக்கொண்டு வந்து ஒரு மழை கொட்டியது. நான் ஜன்னலிலேயே நின்றேன். “மழைய அப்புடி என்ன சாமி பாக்கற?” என்று கேட்டாள். வியாபாரம் கெட்டுப் போய்விடும் என்றேன்.

மறுநாள் கூட்டம் சேரும் முன்பே பார்த்துவிடலாம் என்று காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டில் இறங்கி உள்ளே நடக்கும்போது இருபுறமும் வெள்ளை வெளேரென்று கல்லறைகள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சுவரோரம் ஆட்டுக்காரம்மா வேறு நின்றிருந்தார்கள். அக்காவை அடையாளம் கண்டுகொண்டு கிட்டே வந்தார்கள். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

“வாங்கம்மிணி, நல்லா இருக்கறீங்களா? அப்பாவப் பாக்க வந்தீங்களா?”

“ஆமாங்க. எந்தம்பி எப்படிக் காப்பாத்தி வெச்சிருக்கறான்னு பாக்க வந்தனுங்க.”

ஆட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். “பாருங்கம்மிணி” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யார் யாரோ எனக்கு இரக்கம் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள், நான் கேட்காமலே.

அப்பாவின் மூலைக்கு வந்தோம். புல்லில் மழைத்தண்ணி நின்றது. நான் குனிந்து தேடினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கால்மாட்டில், சாய்ந்த சிலுவைக்கு எதிர்ப்பக்கம், மூன்று நான்கு மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. இன்னும் விரியக்கூட இல்லை. அக்கா கம்பைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து மெதுவாக ஈரத்திலேயே உட்கார்ந்தாள். சேலையெல்லாம் நனைந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய நேரம். தப்பித்தேன் என்று மூச்சு விட வேண்டிய நேரம். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. போதும், சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவள் பக்கத்தில் குந்தினேன்.

“அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“இரு சாமி” என்று என் கையைப் பிடித்தாள். “நான் மொதல்ல சொல்லிக்கறேன். இதச் சொல்லாம என்னால அப்பாகிட்ட வேண்டக்கூட முடியல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“கொஞ்ச வருசம் முன்னாலயே ஒரு சொந்தக்காரி ஊருக்கு வந்துட்டு வந்து எங்கிட்டச் சொன்னா. உங்கப்பன் கல்லறைல புல்லு மண்டிக் கெடக்குது, ஆடு மேயுது, உந்தம்பி அந்தப் பக்கமே வர்றதில்லன்னு. நான் நம்பிட்டேன் சாமி. உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா நீ பொய் சொல்லுவேன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் நீ போன்ல பூ வெச்சேன்க்கா, பூ வெச்சேன்க்காங்கறப்ப எல்லாம் எனக்கு நெருப்பு மாதிரி எரியும். போன வெச்சிருவேன்.”

நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“ஒருநா மாமாவுக்கு ரொம்ப முடியாம இருந்துச்சு. யாருமில்லாம நான் ஒருத்தியா ஆஸ்பத்திரில உக்காந்திருந்தேன். அப்ப உம்மேல வந்த ஆத்திரத்துல, அப்பன உட்ட மாதிரி இவன் புள்ளைங்களும் இவன உட்டுட்டுப் போகட்டும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். நான் வளத்த கொழந்தைக்கு நானே சாபம் உட்டேன். நீ என்னடான்னா எதையும் வெளியில சொல்லாம, ஊரு பேசறதெல்லாம் கேட்டுக்கிட்டு, இத்தன வருசம் இதக் காப்பாத்திட்டு இருந்திருக்கற.” என் கையை இன்னும் இறுக்கினாள். “என்ன மன்னிச்சுட்டேன்னு சொல்லு சாமி. அப்பா முன்னால சொல்லு.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

“மன்னிச்சுட்டேன்க்கா” என்றேன்.